டிஷ்ஷைக் கழற்றிவிட்டு ஆப்புக்குப் போகலாமா? நான் பார்த்த சேனல் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது

தில்லைநகர்வாசி:
வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். 2008-லிருந்து எங்கள் மொட்டைமாடியில் டிஷ் நிற்கிறது. எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் ஓடிவிடும். நான் டிடிஎச் போட்டதே இங்கிலீஷ் படத்துக்காகத்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் வீடு அடங்கியதும் எச்பிஓ, ஸ்டார் மூவீஸ், ஏஎக்ஸ்என் என்று மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். பாதிப் படம்தான் பார்த்திருப்பேன், மீதிப் பாதி இன்னொரு நாள் வரும், இப்படியே துண்டு துண்டாக முழுசாகப் பார்த்த படங்கள் நிறைய.

2020 ஜூன் கடைசியில் ஏஎக்ஸ்என் போனது. அதே வருஷம் டிசம்பர் 15-ஆம் தேதி எச்பிஓவும் போனது. சரி, கொரோனா காலம், திரும்ப வரும் என்று இருந்துவிட்டேன். ஐந்து வருஷம் ஆகிறது. பில் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, இரண்டு தடவை ஏறித்தான் இருக்கிறது. போன வாரம் கஸ்டமர் கேரில் கேட்டேன். "சார், அதுக்குப் பதிலா வேற சேனல் நிறைய சேர்த்திருக்கோமே" என்கிறார் அந்தத் தம்பி. என்னவென்று பார்த்தால் ராசிபலனும் ராசிக்கல்லும்.

மகள் பெங்களூரிலிருந்து சொல்கிறாள், டிஷ்ஷைத் தூக்கிப் போடுங்கள், ஆப் வாங்குங்கள் என்று. ஆனால் அம்மா இருக்கிறார், 78 வயது. சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பதரை வரை அந்த நாற்காலி அவருடையது. வீட்டில் நெட் இருக்கிறது, டிவி கொஞ்சம் பழசு. இதில் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். எச்பிஓவை என் கம்பெனி மட்டும் எடுத்துவிட்டதா, வேறு கம்பெனிக்கு மாறினால் கிடைக்குமா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

கேபிள்காரன்:
சார், நான் இருபது வருஷமாகக் கேபிள் தொழில் செய்கிறேன், அதாவது உங்கள் டிஷ்ஷுக்குப் பரம வைரி. இருந்தாலும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், இதில் உங்கள் கம்பெனிமேல் தப்பில்லை. எச்பிஓ இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், மாலத்தீவு எல்லா இடத்திலும் ஒரே நாளில் மூடப்பட்ட சேனல். கூடவே டபிள்யூபி சேனலும் போனது. அதே கம்பெனியின் பிள்ளைகள் சேனல்களான கார்ட்டூன் நெட்வொர்க், போகோ இரண்டையும் வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் பிள்ளைகள் பார்க்கிறார்கள், விளம்பரம் வருகிறது. நீங்கள் எந்தக் கம்பெனிக்கு மாறினாலும், என்னிடமே வந்தாலும் அது கிடைக்காது.

ஏன் மூடினார்கள் என்பதற்கு 2019-க்குப் போக வேண்டும். அந்த வருஷம் பிப்ரவரி 1 முதல் டிவி கட்டணத்தை ஒழுங்குபடுத்துகிற அரசு அமைப்பான டிராயின் புதுக் கட்டண முறை வந்தது. அதற்கு முன்னால் மொத்தமாக ஒரு பேக், அதில் எல்லாம் இருக்கும். இங்கிலீஷ் சேனல் பந்தி இலையில் வைக்கிற ஊறுகாய் மாதிரி, யாரும் கேட்காவிட்டாலும் ஓரமாக வந்து உட்கார்ந்துவிடும். புது முறையில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு விலை, எது வேண்டுமோ அதை டிக் அடியுங்கள் என்றார்கள். நான்தான் வீடு வீடாகப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு போனேன். சன் டிவி 19 ரூபாய், எல்லோரும் டிக். விஜய் 17 ரூபாய், எல்லோரும் டிக். இங்கிலீஷ் படச் சேனல் என்றதும், "அது எதுக்குப்பா, ரிமோட்ல தப்பா அமுக்கினாதான் வரும்" என்பார்கள். என் ஏரியாவில் அதைக் கேட்டு வாங்கிய வீடுகள் ஒரு கை விரலுக்குள். ஊறுகாய்க்குத் தனி விலை போட்டால் எத்தனை பேர் வாங்குவார்கள்? இலையில் இருந்தவரை ருசி பார்த்தவர்கள்தான் இப்போது காணோம் என்கிறார்கள். உங்களைச் சொல்லவில்லை சார், நீங்கள் காசு கொடுத்துப் பார்த்தவர்.

பழைய_ரிமோட்:
கேபிள்காரத் தம்பி சொன்னது சரி, ஆனால் கதை 2019-இல் ஆரம்பிக்கவில்லை. 2013-இல் எச்பிஓ டிஃபைன்ட், எச்பிஓ ஹிட்ஸ் என்று இரண்டு சேனல் ஆரம்பித்தார்கள், யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஈராஸ் படக் கம்பெனியோடு சேர்ந்து விட்டது அது. விளம்பரமே கிடையாது, தனிச் சந்தா. நான் வாங்கினேன். நடுவில் சோப்பு விளம்பரம் இல்லாமல் ஒரு முழுப் படத்தை டிவியில் பார்த்தது வாழ்க்கையிலேயே அப்போதுதான். தெருவில் என்னைத் தவிர யாரும் வாங்கவில்லை. சில வருஷத்தில் அந்த ஏற்பாடும் கலைந்துபோனது. விளம்பரமில்லாத சேனலுக்குத் தனியாகக் காசு தர நம் ஊரில் அன்றைக்கு ஆள் இல்லை. இன்றைக்கு அதையே ஆப் என்ற பெயரில் தந்தால் நாலு ஆப்புக்குத் தருகிறோம்.

நான் டிஷ் ஆள்தான், மாற மாட்டேன். 2010 ஜூலையில் இன்சாட் 4பி செயற்கைக்கோளில் மின்சாரம் தடைப்பட்டுப் சிக்னல் அனுப்புகிற டிரான்ஸ்பான்டர்களில் பாதி அணைந்தபோதுகூட நான் மாறவில்லை. சன் டைரக்ட் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது, பிறகு மீசாட் என்கிற வேறு செயற்கைக்கோளுக்கு மாற்றினார்கள், கொஞ்ச நாளைக்கு டிஷ் திருப்புகிற பையன்களுக்கு ஊரில் நல்ல கிராக்கி. எங்கள் வீட்டுக்கு வந்தவன் இரண்டு டிகிரி திருப்பிவிட்டு இருநூறு ரூபாய் கேட்டான். டிகிரிக்கு நூறு.

மாடிவீட்டு_மருமகள்:
தில்லைநகர் சார், உங்கள் பில் ஏன் குறையவில்லை என்று கேட்டீர்களே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், எங்கள் வீட்டில் கணக்கு எழுதுவது நான்தான்.

பில்லில் இரண்டு பகுதி. ஒன்று சேனலின் விலை. இன்னொன்று நெட்வொர்க் கட்டணம், என்சிஎஃப் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். 2019-இல் ஆரம்பித்தபோது அது 130 ரூபாய், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. நீங்கள் ஒரே ஒரு சேனல் பார்த்தாலும் இது உண்டு. முதலில் அதற்கு 100 சேனல் என்றார்கள், பிறகு 200 என்றார்கள், இதெல்லாம் எண்ணிக்கையில்தான், நாம் பார்ப்பது அதே ஏழெட்டுத்தானே. எச்டி சேனல் ஒன்றை இரண்டாக எண்ணினார்கள். 2024 ஜூலையில் டிராய் அந்த 130 உச்சவரம்பையும் எடுத்துவிட்டது, இப்போது கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆக, எச்பிஓ போனதால் உங்களுக்கு மிச்சமாகியிருக்க வேண்டியது அந்த ஒரு சேனலின் விலை மட்டும். நீங்கள் பேக்கில் இருந்தால் அதுவும் கிடையாது, பேக்கின் விலை பேக்கின் விலைதான். அம்மாவுக்குச் சன், கேடிவி, விஜய் மூன்று போதும் என்றால் 2019 விலைப்படி 19, 19, 17, மொத்தம் 55, ஜிஎஸ்டியோடு 64 ரூபாய் 90 காசு. என்சிஎஃப் சேர்த்தால் 218 ரூபாய் 30 காசு. இன்றைய விலை உங்கள் பெட்டியிலேயே காட்டும், கொஞ்சம் முன்பின் இருக்கும். எச்டி பேக் வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டுத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். கம்பெனிக்காரர்கள் போனில் இதைச் சொல்லவே மாட்டார்கள். எங்களுக்கும் சொல்லவில்லை, மூன்று வருஷம் பேக்கிலேயே ஓட்டினோம்.

ஆப் மலிவு என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டுக் கணக்கு: நெட்ஃபிளிக்ஸில் 199 ரூபாய் திட்டம், வருஷத்துக்கு 2,388. பிரைம் 1,499. ஹாட்ஸ்டார் பிரீமியம் வாங்கியபோது 1,499. கூட்டினால் 5,386, மாதம் 449 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. நெட் பில் தனி. இதில் சன் டிவி இல்லை, அதற்குச் சன் நெக்ஸ்ட் வேண்டும்.

ஆஃப்சைடு:
படம் பார்க்கிறவர்கள் பாக்கியவான்கள். விளையாட்டு பார்க்கிறவன் நிலைமையைக் கேளுங்கள். பழைய காலத்தில் ஈஎஸ்பிஎன், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் என்று பக்கத்துப் பக்கத்து நம்பரில் இரண்டு சேனல், சனிக்கிழமை ராத்திரி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். அப்புறம் ஆரம்பித்தது கூத்து. ஸ்பெயின் கால்பந்து லீக்கான லா லிகா 2018-இல் பேஸ்புக்குக்குப் போனது, ஆமாம், பேஸ்புக்தான், மாமா பிறந்தநாள் போட்டோவுக்கும் சித்தி போட்ட கோலத்துக்கும் நடுவில் மெஸ்ஸி ஓடிக்கொண்டிருந்தார். பார்முலா ஒன் 2022 வரை ஸ்டார் ஸ்போர்ட்ஸில் வந்தது, 2023-இல் டிவியை விட்டே போய்விட்டது, எஃப்ஒன்னின் சொந்த ஆப்பில்தான் பார்க்க வேண்டும் என்றார்கள், 2024-இலிருந்து ஃபேன்கோட் என்கிற ஆப். சாம்பியன்ஸ் லீக் சோனி. பிரீமியர் லீக் ஹாட்ஸ்டார். ஒரே மனிதன், ஒரே சோபா, மூன்று பாஸ்வேர்டு.

டிடிஎச்சில் ஸ்போர்ட்ஸ் சேனலையும் விடவில்லை நான், ஏனென்றால் அப்பா கிரிக்கெட்டை டிவியில்தான் பார்ப்பார். ஆக இரண்டுக்கும் அழுகிறேன்.

தில்லைநகர்வாசி:
மருமகள் அம்மா, மிக்க நன்றி. இப்போதுதான் பெட்டியில் போய்ப் பார்த்தேன். என் பேக்கில் 270 சொச்சம் சேனல். எண்ணிப் பார்த்தேன், போன ஒரு மாதத்தில் நானும் அம்மாவும் சேர்ந்து பார்த்தது ஆறு. அதில் ஒன்று செய்தி.

கேபிள்கார அண்ணே, ஊறுகாய் உதாரணம் மனசில் தைத்தது. நானும் 2019-இல் டிக் அடித்தவன்தான், எச்பிஓவுக்கு அடித்தேன், அது வீணாகப் போயிற்று என்பதுதான் வருத்தம்.

தேனி_மலையடி:
எல்லோரும் வீட்டில் பைபர் நெட் இருக்கிற மாதிரியே பேசுகிறீர்கள். எங்கள் ஊர் போடிக்கு மேலே. பைபர் கம்பி வந்திருக்கிறது, ஆனால் ரோடு போடுகிற ஜேசிபி மாதத்துக்கு ஒரு தடவை அதை அறுக்கும், ஒட்ட வருகிறவருக்கு நான்கு நாள். மீதி நாளெல்லாம் மொபைல் டேட்டாதான். தினம் 2 ஜிபி கொடுக்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸே சொல்கிற கணக்கு, எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை ஆகும் என்பது. ஆக என் ஒரு நாள் டேட்டா நாற்பது நிமிஷப் படம். இடைவேளைக்கு முன்னாலேயே "உங்கள் டேட்டா தீர்ந்தது" என்று மெசேஜ் வரும், வில்லன் யார் என்று நாளைக்குத்தான் தெரியும்.

டிஷ் அப்படியில்லை. நல்ல மழை வந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், டிஷ்ஷுக்கு வருகிற கேயூ பேண்ட் அலைவரிசை சிக்னலை மழைத்துளி விழுங்கிவிடும், அது அரை மணி நேரம். மழை நின்றால் தானாக வந்துவிடும், யாரையும் போன் போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் இருக்கிறவனுக்கும் மயிலாப்பூரில் இருக்கிறவனுக்கும் ஒரே படம், ஒரே நேரத்தில் தருகிற ஒரே ஏற்பாடு அதுதான். அதில் வருகிற நல்ல சேனலையெல்லாம் ஒவ்வொன்றாக உருவி ஆப்பில் வைத்தால், நெட் இல்லாத ஊர்க்காரன் ராசிக்கல் விளம்பரம்தான் பார்க்க வேண்டும் போல. நானும் ஏஎக்ஸ்என் பார்த்தவன்தான்.

மட்டுறுத்துநர்:
இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். டிடிஎச் கம்பெனியின் பெயரையும் கஸ்டமர் கேர் ஊழியரின் பெயரையும் போட்டுத் திட்டியிருந்தார்கள். திட்டுங்கள், பெயர் வேண்டாம்.

கிள்ளான்காரன்:
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கதையை வாசிக்க வாசிக்க எங்கள் கதை மாதிரியே இருக்கிறது. இங்கே வீட்டுக் கூரையில் அஸ்ட்ரோ என்கிற டிஷ் கம்பெனியின் தட்டு இல்லாத தமிழர் வீடு ஒரு காலத்தில் அபூர்வம். 1996-இல் வந்தது. அதன் தமிழ்ச் சேனல் வானவில், பிறகு விண்மீன், அதோடு சன் டிவி, விஜய் எல்லாம் அதில்தான். தீபாவளிக்கு முதல் நாள் மழை பெய்தால் வீட்டில் ஆளுக்காள் திட்டுவார்கள், மழையை அல்ல, அஸ்ட்ரோவை. எங்கள் ஊரில் சாயங்காலம் மழை என்பது தினசரி விஷயம், நாலு மணிக்குக் கறுத்தால் ஆறு மணி நாடகம் போச்சு.

2021 அக்டோபர் 1-ஆம் தேதி தென்கிழக்கு ஆசியா முழுக்க டிஸ்னி தன் சேனல்களில் பதினெட்டை மூடியது. ஃபாக்ஸ் மூவீஸ், ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் எல்லாம் அன்றைக்கே அடக்கம். நாலு மாதம் முன்னால், ஜூன் 1-ஆம் தேதிதான் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் இங்கே வந்திருந்தது. புரிகிறதா? முதலில் ஆப்பைத் திறந்தார்கள், பிறகு சேனலை மூடினார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த ஆப்பை மலேசியாவில் விற்றுக் கொடுத்ததும் அஸ்ட்ரோதான். கடைக்காரனிடமே சொல்லி, கடைக்கு எதிரே கடை போட்ட மாதிரி. அஸ்ட்ரோவும் சும்மா இருக்கவில்லை, அதே வருஷம் சூக்கா என்று சொந்த ஆப் ஒன்றை விட்டது.

என் அப்பா தோட்டத்தில் வேலை பார்த்தவர். தட்டைக் கழற்ற விட மாட்டேன் என்றார். இப்போது அவர் அறையில் தட்டு, எங்கள் அறையில் ஆப். ஒரே வீட்டில் இரண்டு நாடு.

மாடிவீட்டு_மருமகள்:
கிள்ளான் அண்ணா, அதுதான் விஷயமே. சேனல்காரர் இத்தனை நாள் மொத்த வியாபாரி, டிடிஎச் சில்லறைக் கடை. இப்போது மொத்த வியாபாரியே வீட்டு வாசலுக்கு வந்து விற்கிறார். நடுவில் இருப்பவருக்குக் கமிஷன் எதற்கு என்று கணக்குப் போட்டிருப்பார்கள். எனக்கு அதில் கோபமில்லை. கடையில் ஒரே இடத்தில் எல்லாம் கிடைத்தது, இப்போது வெங்காயத்துக்கு ஒரு தெரு, தக்காளிக்கு ஒரு தெரு.

கேபிள்காரன்:
நடுவில் இருப்பவன் என்கிறீர்களே, அந்த நடுவில் மாட்டிக்கொண்டவனின் அனுபவம் இது. 2023 பிப்ரவரியில் சேனல் விலை திரும்ப ஏறியது. பேக்கில் சேர்க்கிற சேனலுக்கான உச்சவரம்பை நடுவில் 12 ரூபாய் ஆக்கியிருந்தார்கள், அதை மறுபடி 19 ஆக்கினார்கள். பெரிய கேபிள் நிறுவனங்கள் புது விலைக்குக் கையெழுத்துப் போட மாட்டோம் என்றன. உடனே டிஸ்னி ஸ்டார், சோனி, ஜீ மூன்றும் சிக்னலை நிறுத்தின. நாலரைக் கோடி வீட்டுக்குப் போகவில்லை என்று கேபிள் சங்கமே சொன்னது. சில நாளில் சமாதானமாகிவிட்டார்கள். அந்தச் சில நாளில் என் வாடிக்கையாளர்களில் பதினாறு பேர் மொபைலில் ஆப் போட்டுப் பார்த்துப் பழகிவிட்டார்கள். சிக்னல் வந்தது, அந்தப் பதினாறு பேரில் பாதிப் பேர் வரவில்லை.

டிடிஎச்சிலும் இந்தச் சண்டை உண்டு. 2018 அக்டோபரில் டாடா ஸ்கையும் சோனியும் விலை ஒத்துவராமல் முறைத்துக்கொண்டு முப்பது சேனலுக்கு மேல் காணாமல் போனது செய்தியிலேயே வந்தது. யானையும் யானையும் சண்டை போட்டால் நசுங்குவது புல்தான். 2021 மார்ச்சில் நாட்டில் டிடிஎச் சந்தாதாரர்கள் ஏறக்குறைய 7 கோடி, 2025 மார்ச்சில் 5.7 கோடி அளவுக்கு இறங்கிவிட்டது, டிராய் கணக்கு. கேபிள் இன்னும் மோசம், என் கணக்கை நான் சொல்ல வேண்டாம், பார்த்தாலே தெரியும். இப்போது நானும் பைபர் நெட்தான் இழுக்கிறேன். அதே தெரு, அதே கம்பம், அதே ஏணி.

ஆஃப்சைடு:
தில்லைநகர் சார், நீங்கள் ஆப்புக்குப் போவதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் எச்பிஓ ஆப்பிலும் ஒரே இடத்தில் உட்காரவில்லை. 2023 மார்ச் 31 வரை ஹாட்ஸ்டாரில் இருந்தது. அன்றோடு எடுத்துவிட்டார்கள். அப்போது எச்பிஓவின் ஒரு தொடருடைய கடைசி சீசன் ஓடிக்கொண்டிருந்தது, முதல் வாரம் பார்த்தவன் மறு வாரம் தேடினால் ஆளைக் காணோம். பிறகு ஜியோசினிமா வாங்கியது, 999 ரூபாய் வருஷச் சந்தா என்றது, நான் கட்டினேன். அடுத்த வருஷம் ஏப்ரலில் மாதம் 29 ரூபாய் என்று இறக்கினார்கள், எனக்கு வயிறு எரிந்தது. அப்புறம் இரண்டு கம்பெனியும் சேர்ந்து 2025 பிப்ரவரி 14-ஆம் தேதி ஜியோஹாட்ஸ்டார் ஆனது. எச்பிஓ சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது, நடுவில் மூன்று தடவை டிக்கெட் எடுத்தவன் நான்.

ஐபிஎல்லும் அப்படித்தான். 2023-இலும் 2024-இலும் ஜியோசினிமாவில் இலவசம், சும்மா பார் சும்மா பார் என்றார்கள், டிவியில் ஸ்போர்ட்ஸ் பேக்கை நிறுத்தியவர்கள் எத்தனை பேர். 2025-இல் சந்தா, இல்லையென்றால் ரீசார்ஜ் பிளானோடு 90 நாள். விளம்பரம் இல்லை என்று வாங்கிய பிரைமிலும் 2025 ஜூனிலிருந்து விளம்பரம் வருகிறது, வேண்டாமென்றால் வருஷத்துக்கு இன்னும் 699 கொடு என்கிறார்கள். சோப்பு விளம்பரம் நம்மைத் தேடி வந்துவிட்டது பழைய ரிமோட் ஐயா, நீங்கள் 2013-இல் தப்பித்தீர்களே அதே சோப்பு.

பழைய_ரிமோட்:
சிரித்துவிட்டேன் தம்பி. போன உலகக் கோப்பை சமயம் மருமகன் வீட்டில் ஆப்பில் மேட்ச் பார்த்தோம். பவுலர் இன்னும் ஓடி வரவேயில்லை, எதிர் வீட்டில் "அவுட்ட்ட்" என்று கத்துகிறார்கள், வெடி வெடிக்கிறது. அவர்கள் வீட்டில் டிஷ். எங்களுக்கு அந்தப் பந்து அரை நிமிஷம் கழித்து வருகிறது. ஒவ்வொரு விக்கெட்டும் எதிர் வீட்டுக்காரன் சொல்லித்தான் தெரிந்தது. கடைசியில் மருமகன் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

இன்னொன்று, இந்தியா ஆடுகிற முக்கியமான மேட்ச்களின் சிக்னலைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007-இலேயே சட்டம் இருக்கிறது. ஆனால் 2017-இல் உச்ச நீதிமன்றம் அது தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் இலவச டிடிஎச்சான டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான், கேபிளிலும் தனியார் டிடிஎச்சிலும் அதைக் காட்டக்கூடாது என்றுவிட்டது. அதனால்தான் உங்கள் பெட்டியில் டிடி ஸ்போர்ட்ஸ் வைத்தால் மேட்ச் நேரத்தில் வேறு என்னவோ ஓடும். தேனி தம்பி, உங்களுக்கு ஃப்ரீ டிஷ் பெட்டி ஒன்று உதவலாம், மாதச் சந்தா கிடையாது. உங்களுக்கு வேண்டிய சேனல் அதில் இருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தேனி_மலையடி:
ஐயா, மேட்சுக்கு அது ஏற்கெனவே பக்கத்து டீக்கடையில் இருக்கிறது. டீ செலவுதான் சந்தா.

மாடிவீட்டு_மருமகள்:
சார், ஆப் எடுத்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். நாங்கள் சீட்டு முறை வைத்திருக்கிறோம், இந்த மூன்று மாதம் ஒன்று, அடுத்த மூன்று மாதம் இன்னொன்று. ஆட்டோ-பே என்று கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒரு ஆப்பில் தெரியாமல் கொடுத்து, நிறுத்துகிற பொத்தானைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. மகள் பாஸ்வேர்டைத் தருகிறேன் என்றால் நெட்ஃபிளிக்ஸில் நடக்காது, 2023 ஜூலையிலிருந்து ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு என்று ஆக்கிவிட்டார்கள். டிவி பழசு என்றீர்கள், ஆப் ஓடாமல் போகலாம், அதற்காகப் புது டிவி வாங்காதீர்கள், பின்னால் செருகுகிற ஸ்டிக் போதும். அம்மாவிடம் முதல் நாளே அந்த ரிமோட்டைக் கொடுத்துவிடாதீர்கள், எங்கள் மாமியார் மைக் பொத்தானை அமுக்கிவிட்டு "யாருடா பேசுறது" என்று பயந்துவிட்டார்.

தில்லைநகர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டுமே.

டிஷ்ஷைக் கழற்றவில்லை. எச்டி பேக்கை எடுத்துவிட்டேன், அதற்கே போனில் இருபது நிமிஷம் ஆனது, "சார் ஆஃபர் தர்றோம்" என்று மூன்று பேர் மாறி மாறிப் பேசினார்கள். அம்மாவுக்கு வேண்டியதை மட்டும் தனித்தனியாகப் போட்டேன். மாதம் இருநூற்று நாற்பத்துச் சொச்சத்தில் நிற்கிறது. பழைய டிவிக்கு ஒரு ஸ்டிக் வாங்கினேன். மூன்று மாதத்துக்கு ஹாட்ஸ்டார் மட்டும், எச்பிஓ படமும் தொடரும் அதில்தான் இருக்கிறது என்பதால். மருமகள் அம்மா சொன்னபடி ஆட்டோ-பே கொடுக்கவில்லை.

ராத்திரி பத்து மணிக்கு உட்கார்கிறேன். எல்லாப் படமும் இருக்கிறது. எதைப் பார்ப்பது என்று தேடியே பத்தரை ஆகிவிடுகிறது, அப்புறம் தூக்கம் வந்துவிடுகிறது. முன்னால் அவன் போட்டதை நான் பார்த்தேன், பாதியிலிருந்து பார்த்தாலும் பிடித்திருந்தது. முதல் காட்சியிலிருந்து ஒரு படத்தைப் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. போன வாரம் ஒரு படத்தைப் பாதிக்கு ஓட்டிவிட்டு அங்கிருந்து பார்த்தேன், நன்றாக இருந்தது. மகளிடம் சொன்னால் சிரிக்கிறாள்.

எதிர்பார்க்காத சேதி அம்மா. ஸ்டிக்கைச் செருகிய மூன்றாம் நாள், பேரன் வந்தபோது என்ன சொல்லிக்கொடுத்தானோ, விஜய் டிவி சீரியலை ஆப்பில் போட்டுவிட்டான். ராத்திரி டிவியில் வரவேண்டிய எபிசோடு காலையிலேயே அதில் இருக்கிறது. இப்போது காலைக் காபியோடு பார்த்துவிடுகிறார். பார்த்துவிட்டுக் கீழ்வீட்டு மாமியிடம் போய் இன்று ராத்திரி என்ன நடக்கப்போகிறது என்று சொல்லியும்விடுகிறார். மாமி நேற்று என்னைக் கூப்பிட்டுக் கோபித்துக்கொண்டார்.

ஆஃப்சைடு:
சார், மாமிக்கு ஒரு ஸ்டிக் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

கேபிள்காரன்:
மாமி வீட்டில் நெட் இருக்கிறதா? நான் திருச்சிதான், ஏணியோடு வருகிறேன்.